பெருசுக்கு ஒரு நேரம், சிறுசுக்கு ஒரு நேரம்

இந்தக் கூடையைச் சித்த உங்க காலுகிட்ட வெச்சுக்கட்டுங்களா? பயப்படாதீங்க, உள்ள ஒண்ணுமில்லை, காலிதான். நாய்க்கூடைங்க. முடி ஒட்டும், சீலையைக் கொஞ்சம் நகத்திக்கோங்க.

என்ன கேட்டீங்க? உங்க மக வீட்டுல லேப்ரடார் இருக்குதா. சரி. இப்ப பேத்தி சின்ன நாய் ஒண்ணு வேணும்னு அடம் பிடிக்கறாளா. பெருசும் சிறுசும் ஒரே வீட்டுல ஒத்துப் போகுமான்னு கேக்கறீங்க.

சரியான ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கீங்க. உக்கடம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், நிதானமாவே சொல்றேன். என்ற வீட்டுல ஒண்ணில்லைங்க, மூணு. மூணும் மூணு அளவு. பெருசு ராஜபாளையம், வெள்ளை வெளேர்னு, நின்னான்னா என்ற இடுப்பு உசரம். அவன் பேரு குட்டி. சிரிக்காதீங்க, வாங்கறப்ப குட்டியாத்தான் இருந்திருக்கான், எங்கூட்டுக்காரர் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டார். சிறுசு பொமரேனியன், பொண்ணு, பாப்பா. நாலு கிலோ. நடுவால ஒரு தெரு நாய், செவலை. அது எங்க நாயே இல்லை. வாசல் கேட்டுகிட்ட வந்து உக்காந்துட்டு, போறவன் வர்றவனை எல்லாம் விசாரிக்கும். அதனால மணியகாரன்னு பேரு வெச்சுட்டோம்.

நான் முப்பது வருசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேனுங்க. கடைசி பதினாலு வருசம் சூப்பர்வைசர். எனக்குக் கீழ இருபத்தாறு பொண்ணுங்க. யாரு எந்த நேரத்துக்கு டீ குடிக்கப் போறா, யாரு யாருகூட உக்காந்தா வேலை நடக்காது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கலாமணி மேடம் ஷிஃப்டுன்னா ஈ பறக்காதும்பாங்க. இருபத்தாறு பொண்ணுங்களை மேச்சவளுக்கு மூணு நாய் ஒரு பெரிய விசயமா?

குட்டி எங்கூட்டுக்காரரோட வந்தவன். பாப்பா என்னோட வந்தவ. புரியலையா? எங்களுக்குக் கல்யாணம் ஆயி ஒன்றரை வருசம்தான் ஆகுதுங்க. எனக்கு ஐம்பத்தொம்பது, அவருக்கு அறுபத்தி மூணு. ஆமா, ரெண்டு பேருக்குமே ரெண்டாவது. என்ற மொத வீட்டுக்காரர் தவறி இருபது வருசம் ஆச்சு. இவரோட மொத சம்சாரம் போயி ஆறு வருசம். சொந்தபந்தம், ஒறம்பரைங்க பேசாத பேச்சா? இந்த வயசுல எதுக்கு, ஏன்னு. நான் யாரையும் கேக்கலை. மருதமலையில மாலை மாத்திட்டு, இட்லி சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

எங்க பாத்தீங்கன்னு கேக்கறீங்களா? எல்லாம் ஊசி போடற எடத்துலதான். வடவள்ளியில ஒரு ஞாயித்துக்கிழமை நாய்களுக்கு வெறிநாய் ஊசி கேம்ப் போட்டிருந்தாங்க. நான் பாப்பாவை இடுப்புல தூக்கிட்டு வரிசையில நிக்கறேன். முன்னால இவரு, கையில அந்த ஒட்டகம். பாப்பா அதைப் பாத்து ஒரு சத்தம் போட்டா பாருங்க. அந்தப் பெரிய உருப்படி அப்படியே பின்னால வந்து இவரு வேட்டிக்குள்ள மூஞ்சியை மறைச்சுக்கிச்சு. இவரு திரும்பி என்னைப் பாத்து, "மன்னிச்சுக்கோங்க அம்மணி"ன்னாரு. குலைச்சது என்ற நாய், மன்னிப்புக் கேட்டது அவரு. அன்னிக்கே எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. பேரு வெள்ளிங்கிரி, மில்லுல ஃபிட்டரா இருந்தவர், எதுத்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. இந்தக் காலத்துல அப்படி ஒரு மனுசன் கிடைப்பாருங்களா?

ஆக, ஒரு பையி, ஒரு டிரங்குப் பொட்டி, ஒரு குட்டி, இதோட அவரு என்ற வீட்டுக்கு வந்து சேந்தாரு.

மொத மாசம் நான் ஒண்ணும் கண்டுக்கலைங்க. அதுதான் தப்பு. ஒரு நா மத்தியானம் ஹாலுக்கு வந்து பாக்கறேன், குட்டி தரையில நீட்டிப் படுத்திருக்கான், அவன் வயித்துக்கும் காலுக்கும் நடுவால பாப்பா சுருண்டு கிடக்கறா. நல்ல தூக்கம். எங்கூட்டுக்காரரு சோபாவுல உக்காந்து அதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்காரு. எனக்கு உசுரே இல்லை. அவன் தூக்கத்துல ஒரு பொரளு பொரண்டான்னா பாப்பா அப்பளமாயிருவா. நான் கேட்டேன், "ஏனுங்க, பாத்துக்கிட்டுச் சிரிக்கறீங்களே?" அவரு, "பழகிருச்சுங்க அம்மணி"ன்னாரு. பழகிருச்சாம். எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பொண்ணுங்க ரொம்பப் பழகிருச்சுன்னா நான் மொத வேலையா ஷிஃப்டு மாத்திருவேன்.

அன்னிக்கே உக்காந்து அட்டவணை போட்டேன். ஜெராக்ஸ் கடையில குடுத்து லேமினேசன் பண்ணி ஃபிரிட்ஜு மேல ஒட்டினேன். காத்தால ஆறுல இருந்து எட்டு, ஹாலு பாப்பாவுக்கு. எட்டுல இருந்து எட்டரை குட்டிக்கு. அப்பறம் அவன் வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயிரணும். சோறு பாப்பாவுக்கு மொதல்ல, அவனுக்கு அரை மணி நேரம் கழிச்சு. மணியகாரனுக்கு கேட்டுக்கு வெளிய. உங்க மககிட்டயும் மொதல்ல இதைச் சொல்லுங்க. பெருசுக்கு ஒரு நேரம், சிறுசுக்கு ஒரு நேரம். கலக்கவே விடக் கூடாது.

அரை மணி நேரம் கம்மின்னு நினைக்கறீங்களா? உங்களுக்குத் தெரியாதுங்க. அவன் வாலு இருக்குதே, சாட்டை. ஹாலுக்குள்ள வந்து ஒரு சுத்து சுத்தினான்னா டீப்பாய் மேல ஒரு டம்ளரும் நிக்காது. பாப்பா அப்படியா? அவ சோபாவைக் கடிச்சுப் பஞ்சு எடுத்திருக்கா, அவரு செருப்பு நாலு ஜோடி தின்னிருக்கா, காஸ்காரனை ரெண்டு தடவை கடிச்சிருக்கா. ஆனா ஒரு பொருளைத் தட்டி விட்டதில்லை. சின்ன உடம்பு, பாருங்க. அடக்கம்.

சாப்பாட்டு விசயத்துல இன்னொரு கூத்து. பாப்பா அவ சோத்தைத் தின்னுட்டு, நேரா போயி அவன் தட்டுல தலையை விடுவா. அவ்வளவு பெரிய உருப்படி என்ன பண்ணுவான்னு நினைக்கறீங்க? ரெண்டடி பின்னால போயி நின்னு பாத்துக்கிட்டே இருப்பான். எனக்கு அந்தப் பார்வையே பிடிக்கலை. ஏதோ திட்டம் போடறான். எங்கூட்டுக்காரரைக் கேட்டா, "அவன் விட்டுக் குடுக்கறானுங்க"ன்னாரு. விட்டுக் குடுக்கறதாம். நாய் என்னங்க, பஞ்சாயத்துப் பண்ணுதா?

அதனால பொடக்காலிக்கும் சமையக்கட்டுக்கும் நடுவால இரும்புக் கம்பிக் கதவு ஒண்ணு போட்டேன். அவன் அக்கட்ட, இவ இக்கட்ட. பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆனா பாருங்க, அதுக்கப்பறம்தான் பாப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாமப் போச்சு. காத்தால எந்திரிச்சதும் நேரா கம்பிகிட்டப் போவா. மூஞ்சியைக் கம்பிக்குள்ள விட்டுக் குலைக்க ஆரம்பிச்சா, எனக்குக் காப்பி குடிச்சு முடிக்கற வரைக்கும் நிக்காது. அவன் அக்கட்ட செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவான். மரியாதை தெரியாதவன். ஒருத்தி இவ்வளவு தூரம் பேசறா, திரும்பியாவது பாக்கணுமில்லைங்க.

அவனை அங்க தனியா விட்டதும் முனக ஆரம்பிச்சான். எங்கூட்டுக்காரரு, "நான் வேணா அவன்கூடப் படுத்துக்கறேனுங்க"ன்னு ஒரு கட்டிலைத் தூக்கிப் போட்டுக்கிட்டாரு, துணி தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல. எனக்கும் நல்லதாப் போச்சு, அவரு குறட்டை பெருசு. பாப்பா என்ற கட்டில்ல தலகாணிகிட்டப் படுப்பா, அவரு திரும்பிப் படுத்தாலே உறுமுவா. அப்பறம் அவரு காத்தாலக் காப்பியையும் அங்கயே குடிக்க ஆரம்பிச்சாரு. அப்பறம் பேப்பரு. அப்பறம் டிபனும் அங்கயே போயிருச்சு. நான் கம்பி வழியா தட்டை நீட்டுவேன், அவரு வாங்கிக்குவாரு. ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அந்த எட்டு மாசம் எங்க வீடு இருந்த அமைதி, நீங்க பாத்திருக்கணும்.

அந்த அமைதியைக் கெடுத்தவன் குட்டி.

ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. நான் குக்கர் வெச்சுட்டுப் பூப்பறிக்கப் போனேன். எங்கூட்டுக்காரரு கம்பிக் கதவைச் சாத்த மறந்துட்டாரு. மறந்தாரோ, வேணும்னே விட்டாரோ, அது வேற. பாப்பா வில்லுல விட்ட அம்பாட்டம் போனா. போயி, தூங்கிக்கிட்டு இருந்தவன் காதைப் பிடிச்சுத் தொங்கறா. அவன் என்ன பண்ணணும்? பெரியவன், சும்மா இருக்கணுமா இல்லையா? தலையை ஒரு உதறு உதறினான். பாப்பா பறந்து போயி, துணி ஊற வெச்சிருந்த அண்டாவுக்குள்ள விழுந்தா. சோப்புத் தண்ணி வேற. முன்னங்காலு பிசகிப் போச்சு.

ரெண்டையும் தூக்கிக்கிட்டு டாக்டருகிட்ட ஓடினோம். நான் சொன்னேன், "டாக்டர், பெரிய நாய் சின்ன நாயைக் கடிச்சுக் கொதறிருச்சு." அந்தப் பையன், சின்ன வயசு டாக்டருதான், ரெண்டையும் பொரட்டிப் பாத்துட்டு, "அம்மா, கடிபட்டது பெரிய நாய்தான். காதுல நாலு தையல் போடணும். சின்னதுக்கு ஒரு கட்டு போட்டாப் போதும்"ங்கறான். அனுபவம் பத்தாதுங்க. புஸ்தகத்துல இருக்கறதைப் பாத்துச் சொல்றாங்க.

நான் அன்னிக்குப் பொழுதோடயே முடிவு பண்ணிட்டேன். "ஏனுங்க, பெருசைத் தாட்டி விட்டுரலாம். நல்ல எடமாப் பாத்துக் குடுத்துரலாம்"ன்னேன். அவரு தையல் போட்ட காதுக்கு மருந்து வெச்சுக்கிட்டே, "சரிங்க அம்மணி"ன்னாரு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை வாக்குவாதம் இல்லை. நான் சொன்னேனே, தங்கமான மனுசன்.

எங்க நடைப்பயிற்சி வாட்ஸப் குரூப்புல போட்டேன். மூணாம் நாளே ஆளு வந்துட்டாரு. நெகமம் பக்கம் தென்னந்தோப்பு, பேரு சென்னியப்பன். காட்டுப்பன்னி வந்து தென்னங்கன்னையெல்லாம் நோண்டிப் போடுது, காவலுக்கு ராஜபாளையம் கிடைச்சா நல்லதுன்னாரு. குட்டியைப் பாத்ததும் அவருக்கு ரொம்பச் சந்தோசம். எங்கூட்டுக்காரரு காப்பி குடுத்துட்டு, "தோட்டத்துல தங்கறதுக்கு ஆள் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. வந்தவரு, "அதை ஏனுங்க கேக்கறீங்க, நாயாவது கிடைச்சிருச்சு, ஆள்தான் கிடைக்க மாட்டேங்கறான். மோட்டார் ரூம் பக்கத்துல நல்ல வீடு, சும்மா கிடக்குது"ன்னாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் மோட்டாரைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஃபிட்டரில்லைங்களா, மோட்டாருன்னா அவருக்குப் பொழுது போறதே தெரியாது.

மறுநா வண்டி வந்துச்சு. எங்கூட்டுக்காரரு, "நான் கூடப் போயிப் பழக்கி விட்டுட்டு வர்றேனுங்க"ன்னாரு. எத்தனை நாளுன்னேன். "ரெண்டு நாளு"ன்னாரு. ஆனா பாருங்க, இந்த ஆம்பளைங்களுக்கு ஒரு பையைக் கட்டத் தெரியாது. ரெண்டு நாளைக்கு ஆறு சட்டை எடுத்து வெச்சிருக்காரு. மூணு மாசத்துக்குப் பிரசர் மாத்திரை. ஸ்வெட்டர். ஆதார் கார்டு. டிரங்குப் பொட்டியையே தூக்கி வண்டியில வெச்சாச்சு. நான் வாசல்ல நின்னு சிரிச்சேன், "ஏனுங்க, காசிக்கா போறீங்க?"ன்னேன். அவரும் சிரிச்சாரு. கேட்டுகிட்ட நின்ன மணியகாரன் அந்த வண்டி பின்னாலயே மெயின் ரோடு வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வந்தான்.

ரெண்டு நாளு ஆச்சு. அஞ்சு நாளு ஆச்சு. ஃபோன் போட்டா, "குட்டி இன்னும் பழகலைங்க அம்மணி"ம்பாரு. பின்னால மோட்டார் சத்தம் கேக்கும், யாரோ சிரிக்கற சத்தம் கேக்கும். பத்து நாளு ஆச்சு. ஒரு நாய் ஒரு தென்னை மரத்தைப் பழகறதுக்கு இவ்வளவு நாளாங்க?

வீட்டுல நான், பாப்பா. ஹாலு முழுக்க அவளுக்குத்தான், இருபத்தி நாலு மணி நேரமும். அட்டவணையே தேவையில்லை. எப்படிச் சந்தோசமா இருக்கணும்? அவ என்ன பண்றா, காத்தால எந்திரிச்சு நேரா அந்தக் கம்பிக் கதவுகிட்டப் போறா. மூஞ்சியை உள்ள விடறா. குலைக்கறதுக்கு அக்கட்ட ஆளில்லை. சித்த நேரம் நின்னு பாத்துட்டு அங்கயே படுத்துக்கறா. தட்டுல வெச்சது வெச்சபடி கிடக்குது. கோழி ஈரல் வெச்சுப் பாத்தேன். பால் சோறு. ஒண்ணும் இறங்கலை. நானும் சரியாச் சாப்பிடலைன்னு வெச்சுக்கோங்க, ஒருத்திக்குன்னு என்னத்தைக் குக்கர் வெக்கறது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

அதே டாக்டர்ப் பையன்கிட்டத் தூக்கிட்டுப் போனேன். டானிக்கு எழுதுவான்னு பாத்தா, "இது ஏங்கிப் போயிருக்குதுங்கம்மா. அந்தப் பெரிய நாய்கிட்ட ஒரு நா கூட்டிட்டுப் போயிப் பாருங்க"ங்கறான். சரி, அவன் சொல்றது தப்புன்னு காட்டறதுக்காவது போலாம்னு இன்னிக்குக் காத்தால முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இந்தக் கூடையிலதான் வந்தா. வழியெல்லாம் ஒரு சத்தம் இல்லை.

தோட்டத்துக் கேட்டைத் திறந்து உள்ள போறேன். எங்கூட்டுக்காரரு வாய்க்கால்ல நின்னு மண்ணு தள்ளிக்கிட்டு இருக்காரு. கறுத்துப் போயிருக்காரு. ஆனா ஆளு ஒரு சுத்து பெருத்தும் இருக்காரு, எப்படின்னு தெரியலை. பக்கத்துல குட்டி. நான் கூடையை இன்னும் தரையில வெக்கலைங்க, பாப்பா தாவிட்டா. நான் கத்தறேன், "பிடிங்க, பிடிங்க, கடிச்சுருவான்"னு. அவரு மண்வெட்டியைக் கூடக் கீழ போடலை. பாப்பா போயி அவன் மூஞ்சியில நாலு தடவை குலைச்சா. சும்மா இல்லை, பத்து நாளுக்குச் சேத்து. அவன் மெதுவாப் படுத்தான். இவ அவனை ஒரு சுத்து சுத்தி வந்து, அவன் வயித்துகிட்டப் போயிச் சுருண்டுக்கிட்டா. மொத மாசம் நான் பாத்தனே, அதே எடத்துல. அப்பறம் மத்தியானம் அவன் தட்டுல தலையை விட்டுத் தின்னா பாருங்க, நக்கித் தொடைச்சு வெச்சுட்டா. அவன் ரெண்டடி தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்தான்.

நான் எங்கூட்டுக்காரரை உக்கார வெச்சுப் பேசினேன். "சரி, வாங்க போலாம். புதுசா அட்டவணை போட்டுக்கலாம். அவனுக்கு ஹால்ல ஒரு மணி நேரமே தர்றேன்"னேன்.

அவரு துண்டால காலைத் தொடைச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னாரு. இந்த ஒன்றரை வருசத்துல அவரு ஒரே மூச்சுல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அம்மணி, அதுங்க ரெண்டும் மொத மாசத்துலயே பழகிருச்சுங்க. எது எங்க படுக்கறது, எது மொதல்ல திங்கறதுன்னு அதுங்களே பேசி முடிச்சிருச்சுங்க. நீங்கதான் நடுவால கம்பி போட்டீங்க. அந்தக் கம்பிக்கு அக்கட்ட எட்டு மாசம் நானும் இருந்தேன். தட்டு சரியான நேரத்துக்கு வந்துச்சு, குறை சொல்லலை. ஆனா எனக்கு இங்கதான் நல்லா இருக்குதுங்க."

"அப்ப என்னை விட்டுட்டு இருந்துருவீங்களா?"ன்னு கேட்டேன். எப்படி அந்த வார்த்தை வந்துச்சுன்னு தெரியலைங்க, நான் கேக்க நினைச்சது வேற. பிரசர் மாத்திரையைப் பத்தித்தான் கேக்க வந்தேன்.

அவரு, "நான் வேண்டாங்கலையே. வீடு பெருசாத்தான் இருக்குது. நீங்களும் வாங்க. ஆனா அந்த லேமினேசனு வேண்டாம்"ன்னாரு.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு சூப்பர்வைசருங்க. மோட்டார் ரூம் பக்கத்துல வந்து குடி இருப்பனா? கிளம்பிட்டேன். பாப்பாவைக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி படுத்துக்கிட்டா. நாலு வருசம் என்ற தலகாணியில படுத்தவ. போகட்டும், நாலு நாளு இருந்து உடம்பு தேறட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் மூணு பேரும் வந்தாங்க. அவரு முன்னால, பெருசு பின்னால, அது காலுக்குள்ள சிறுசு. கயிறும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒருத்தரும் ஒருத்தரை மிதிக்கலை.

உங்க மககிட்டச் சொல்லுங்க, கம்பிக் கதவுன்னா நல்ல கனமான கம்பியாப் போடச் சொல்லி. என்ன பாக்கறீங்க? நான் சொன்னதுல என்ன தப்பு? என்ற வீட்டுல பிரச்சினை வந்தது நாயால இல்லைங்க. மனுசங்க சரியில்லைன்னா கம்பி என்ன பண்ணும்?

இதா, ஈச்சனாரி வந்திருச்சு. இன்னும் சித்த நேரந்தான். ஞாயித்துக்கிழமை மறுபடி போகணுங்க. பாப்பாவைப் பாக்கத்தான். ரெண்டு நாளு இருந்து, சோறு எத்தனை மணிக்குப் போடறாங்க, தண்ணி மாத்தறாங்களான்னு எல்லாம் செக் பண்ணணும். மணியகாரனையும் ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிரலாம்னு இருக்கேன், கேட்டுல தனியா உக்காந்து யாரை விசாரிப்பான். அங்க இருக்கறது ஒரே ஒரு கயித்துக் கட்டிலு. நான் போனா எங்க படுக்கறது? அதனால பொள்ளாச்சியில பஸ் மாறறப்ப ஃபர்னிச்சர் கடையில ஒரு கட்டில் சொல்லிட்டு வந்திருக்கேன், சனிக்கிழமை தோட்டத்துல கொண்டு போயி இறக்கிருவாங்க. குடி போறதுக்கு இல்லைங்க, சும்மா மத்தியானம் சாய்றதுக்கு.

டபுள் கட்டிலுதான். சிங்கிள் ஸ்டாக் இல்லைன்னுட்டான்.